அணைக்க ஒரு சுவிட்ச் கொடுங்கள்: கார் நிறுவனங்களுக்கும் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கார் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவினருக்கும், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கும்,

ஈரோடு மாவட்டம் தாளவாடி மலையிலிருந்து எழுதுகிறேன். வாடகைக் கார் ஓட்டுவது என் தொழில். உங்களில் ஒரு நிறுவனம், பழைய மாடலில் கொடுத்திருந்த ஒரு வசதியைப் புது மாடலில் எடுத்துவிட்டது. எல்லோரும் டிஆர்எல் என்று சொல்கிற பகல் விளக்கை, முன்பக்கம் எரியும் அந்த எல்இடி பட்டையை, வேண்டாத நேரத்தில் அணைத்துவைக்கும் வசதி அது. முன்பு மெனுவுக்குள் போய் ஒரு டிக்கை எடுத்தால் போதும். இப்போது மெனுவில் அந்த வரியே இல்லை. லைட் லிவரில் 'ஆஃப்' என்ற நிலையும் இல்லை. ஷோரூமில் கேட்டேன், சர்வீஸ் சென்டரில் கேட்டேன், வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். "அது பாதுகாப்பு அம்சம், அணைக்க முடியாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. யாருடைய பாதுகாப்பு என்று அதில் சொல்லவில்லை.

நாங்கள் ஓட்டும் சாலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி, அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் திம்பம், அப்புறம் ஆசனூர். 948-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அப்படியே மேலே போனால் கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர். இந்தச் சாலையின் இருபுறமும் காடு. 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடு இது. கரும்பு லாரியை யானை மறித்து நிற்கும் வீடியோக்களை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, ஆசனூர் பக்கம் காரப்பள்ளம் செக்போஸ்ட் அருகில் எடுத்தவை. இரவுப் போக்குவரத்துக்கு 2022 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கட்டுப்பாடு இருக்கிறது, அது சரியானதும்கூட. ஆனால் மலையில் குடியிருப்பவர்களுக்கு இரவில் உடம்பு சரியில்லாமல் போனால் இந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அதற்காகத்தான் விலக்கு. எல்லா நேரமும் 108 ஆம்புலன்ஸ் உடனே கிடைத்துவிடாது. கிடைக்காத நேரத்தில் என்னைப் போன்றவர்களின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இரவில் சாலையில் யானை நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் ஓட்டுநர்களுக்குள் மாற்றுக் கருத்தே கிடையாது. தூரத்திலேயே நிறுத்த வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது, லைட்டை விட்டுவிட்டு அடிக்கக் கூடாது. இவை இரண்டையும் வனத்துறையும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதற்கு மேல், பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று இருக்கிறது: விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, ரிவர்ஸ் கியரில் கையை வைத்துக்கொண்டு காத்திரு. முகத்தில் வெளிச்சம் அடிக்காவிட்டால் அது தன் பாட்டுக்குச் சாலையைக் கடந்து போய்விடும். கடக்காமல் உன்னை நோக்கி வந்தால், பின்னால் எடுக்க இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் அப்பா காலத்து ஜீப்பிலிருந்து இன்றுவரை இந்த வழக்கம் எத்தனையோ பேரை வீடு கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

உங்கள் புது மாடலில் இந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்க முடியாது. ஹெட்லைட் எரியும்போது டிஆர்எல் மங்கலாக இருக்கிறது. ஹெட்லைட்டை அணைத்தவுடன், இன்ஜின் ஓடுவதால், அது பளீரென்று முழு வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. இருட்டாக்கலாம் என்று கையை வைத்தால் எதிரே நிற்கிற யானையின் கண்ணில் புதிதாக இரண்டு வெள்ளைக் கோடுகள் பாய்கின்றன. பார்க்கிங் லைட்டில் வைத்தால் என்ன என்று சர்வீஸ் சென்டரில் கேட்டார்கள். வைத்துப் பார்த்தாயிற்று. என் வண்டியில் அதனால் எந்த மாற்றமும் இல்லை, டிஆர்எல் அப்படியேதான் எரிகிறது. ஐ.நா. வாகன விதிகளில் முன்பக்கப் பார்க்கிங் விளக்குக்குக் குறைந்தபட்சம் 4 கேண்டலா (விளக்கின் ஒளிச்செறிவை அளக்கும் அலகு) போதும். டிஆர்எல்லுக்குக் குறைந்தபட்சமே 400, அதிகபட்சம் 1200. கொளுத்தும் வெயிலிலும் கண்ணில் பட வேண்டும் என்று செய்த விளக்கு அது. நிலா இல்லாத காட்டில் அது எப்படி அடிக்கும் என்று வடிவமைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். அவரையும் மாமியாரையும் கணவரையும் ஏற்றிக்கொண்டு சத்தி அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். திம்பத்துக்குக் கீழே ஒரு வளைவில் திரும்பியதும் ஒற்றைக் கொம்பன். சாலையின் நடுவில் குறுக்காக நின்று, ஓரத்து மூங்கிலை இழுத்துக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். பழக்கத்தில் ஹெட்லைட்டை அணைத்தேன். டிஆர்எல் பளிச்சென்று வந்தது. அதுவரை எங்களைப் பொருட்படுத்தாமல் நின்ற யானை முழுதாக எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. காது இரண்டும் விரிந்து நின்றன. ஹெட்லைட்டைத் திரும்பப் போட்டால் லைட் அடித்துச் சீண்டியது போல ஆகிவிடும். போடாவிட்டால் இந்த வெளிச்சம். இன்ஜினை அணைத்தால் மட்டுமே எல்லாம் அணையும். வேறு வழி தெரியாமல் அணைத்தேன். முன்னே யானை, பின்னே வளைவு, செத்துக் கிடக்கிற இன்ஜின், பின் சீட்டில் வலியை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண். மாமியார் வாய்க்குள்ளேயே பண்ணாரி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யானை சில அடி நடந்து வந்தது. நின்றது. நெடுநேரம் மோப்பம் பிடித்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது. அது ஓடி வந்திருந்தால், இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, வளைவில் பின்னால் எடுக்க எனக்கு நேரம் இருந்திருக்காது.

தாயும் பிள்ளையும் நலம். ஆனால் அந்த இரவில் என்னைப் பிடித்த பயம் போகவில்லை. பகலில் அவசியமான ஒரு விளக்கு, இரவில் ஓட்டுநரின் கையை மீறி எரிகிறது. இதை நான் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதன் பிறகு நானும் மற்ற ஓட்டுநர்களும் எங்களால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தோம். சிலர் மாலையில் பண்ணாரி டீக்கடையில் வண்டியை நிறுத்தி டிஆர்எல் மீது கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். ஆனால் இப்போது வருகிற பல மாடல்களில் அதே பட்டைதான் மஞ்சளாக மாறி இண்டிகேட்டராகவும் மின்னுகிறது. டேப் ஒட்டினால் திரும்புவது எதிரே வருபவருக்குத் தெரியாது. 27 வளைவு இருக்கும் மலையில் அது இன்னொரு ஆபத்து. ஃபியூஸைப் பிடுங்கலாம் என்றால் என் வண்டியில் அந்த ஃபியூஸ் பார்க்கிங் லைட்டுக்கும் சேர்த்துத்தான். நண்பர் ஒருவர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒயரை வெட்டித் தனியாக ஒரு சுவிட்ச் வைத்தார். அடுத்த சர்வீஸில் அதைப் பார்த்துவிட்டு, மின்சாதனங்கள் எதற்கும் வாரண்டி கிடையாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். கடனில் வாங்கிய வண்டி. ஒரு சுவிட்ச் வைத்ததற்காக அவர் மூன்று வருட வாரண்டியை இழந்திருக்கிறார்.

ஹேண்ட்பிரேக்கை ஒரு கிளிக் மேலே தூக்கினால் சில கார்களில் டிஆர்எல் அணைந்துவிடும். இதுவும் தெரியும். பிரேக் பிடித்த வண்டியைத் திடீரென்று பின்னால் எடுக்க முடியாது என்பதும் தெரியும். அதோடு, புதிய வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கே பட்டனாகிவிட்டது. ஒரு கிளிக், அரைப் பிடி என்பதெல்லாம் இனி இல்லை.

டிஆர்எல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திம்பத்தில் பகல் 11 மணிக்கும் மேகம் இறங்கிச் சாலையை மூடும். அப்போது எதிரே வருகிற வண்டியின் அந்த வெள்ளைப் பட்டைதான் முதலில் கண்ணில் படும். பல முறை அதனால் தப்பித்திருக்கிறேன். வெளிச்சம் குறைந்த வட நாடுகளில்தான் இந்த வழக்கம் தொடங்கியது. சுவீடன் 1977-லேயே பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்றது. கனடா 1990 மாடல்களிலிருந்து கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய வகைக் கார்களுக்குக் கட்டாயம். குளிர்காலத்தில் மதியத்திலேயே இருட்டிவிடும் ஊர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது. ஆனால் அந்த நாடுகள் இந்த விளக்கை எப்படி ஒழுங்குபடுத்தின என்பதையும் நீங்கள் சேர்த்தே எடுத்துவந்திருக்க வேண்டும். நீங்கள் பட்டையை மட்டும் எடுத்துவந்தீர்கள்.

வாகன விளக்குகளைப் பொருத்துவது பற்றிய ஐ.நா.வின் 48-ஆம் எண் ஒழுங்குமுறையை ஏற்றுமதிக்கு வண்டி செய்கிற நீங்கள் அறியாதவர்கள் அல்ல. டிஆர்எல் தானாக எரிய வேண்டும் என்று சொல்கிற அதே விதி, வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் இருக்கும்போது ஓட்டுநர் அதைக் கையால் அணைத்துக்கொள்ள வசதி தரலாம் என்றும் சொல்கிறது. 10 கிலோமீட்டரைத் தாண்டினாலோ, 100 மீட்டருக்கு மேல் நகர்ந்தாலோ அது தானாகவே திரும்ப எரிந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எனக்கு வேண்டியது துல்லியமாக இதுதான். யானைக்கு முன்னால் நிற்கும்போது என் வேகம் பூஜ்யம். அது போன பிறகு நான் நகர்ந்தால் விளக்கு தானாக வந்துவிடும். "சுவிட்ச் கொடுத்தால் எல்லோரும் நிரந்தரமாக அணைத்துவிடுவார்கள், பகலில் விபத்து கூடும்" என்று உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய ஒரே நியாயமான வாதத்துக்கும் அந்த விதியிலேயே விடை இருக்கிறது. டிஆர்எல் கட்டாயமில்லாத அமெரிக்காவில் சில நிறுவனங்கள் மெனுவிலேயே அதை அணைக்க விடுகின்றன. அங்கே முடிகிறது, இங்கே மென்பொருளில் ஒரு வரியைச் சேர்க்க முடியாது என்றால் நான் நம்ப மாட்டேன். முந்தைய மாடலில் நீங்களே கொடுத்திருந்தீர்கள்.

காட்டுக்கு வெளியேயும் இந்தத் தொல்லை உண்டு. இரவு வாகனச் சோதனையில் போலீஸார் லைட்டை அணைக்கச் சொல்வார்கள், அது நியாயம். கண் கூசினால் அவர்களால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடியாது. அணைத்தாலும் டிஆர்எல் எரியும். சொன்னதைக் கேட்காமல் திமிராக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கிறார்கள். நான் அணைத்துவிட்டேன், வண்டி அணைக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம், எரிய வேண்டிய விளக்கு எரிவதில்லை. டிஆர்எல் முன்னால் மட்டும்தான். அந்திக் கருக்கலில் முன்னே சாலையில் ஓரளவு வெளிச்சம் தெரிகிறது, டாஷ்போர்டு திரை எப்போதும் ஒளிர்கிறது, அதனால் லைட் போட்டிருக்கிறோம் என்றே ஓட்டுபவர் நினைத்துக்கொள்கிறார். பின்னால் டெயில் லைட் எரிவதில்லை. பண்ணாரி கோயிலுக்கு வந்துவிட்டு மலையேறும் வெளியூர் வண்டிகளை மாலையில் பாருங்கள். திம்பம் மூடுபனியில், பின்னால் ஒரு புள்ளி சிவப்பு இல்லாமல், சாம்பல் நிறக் கார் ஒன்று வளைவில் நின்றுகொண்டிருந்ததை ஒரு பால்காரர் கடைசி நொடியில் பார்த்து பைக்கோடு சாலையோரத்தில் விழுந்தார். நான்தான் அவரைத் தூக்கி ஏற்றினேன். முழங்கை எலும்பு முறிந்திருந்தது. காரில் இருந்தவர் இறங்கி வந்து, "லைட் போட்டுத்தானே இருந்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய வண்டி அவரை அப்படி நம்பவைத்திருந்தது.

கனடாவில் இதே பிரச்சினை பல வருடங்களாக இருந்தது. பின்னால் இருட்டாகப் போகும் இத்தகைய வண்டிகளுக்கு அங்கே 'பேய் வண்டி' என்றே பெயர். அந்த அரசு சும்மா இருக்கவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து புதிய வண்டிகளுக்கு மூன்று வழிகளில் ஒன்றைக் கட்டாயமாக்கியது: டிஆர்எல் எரியும்போது டெயில் லைட்டும் எரிய வேண்டும், இல்லையென்றால் இருட்டியதும் எல்லா விளக்குகளும் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் இல்லையென்றால் லைட் போடாதவரை டாஷ்போர்டு இருட்டாகவே இருந்து ஓட்டுநருக்கு உணர்த்த வேண்டும். டிஆர்எல்லைக் கட்டாயமாக்கி 30 வருடம் கழித்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இது. நாம் அதே 30 வருடத்தைக் காத்திருந்து, அதே விபத்துகளைப் பட்டுத்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

அமைச்சகத்துக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்குத் தானாக எரியும் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கினீர்கள். ஆரம்பத்தில், பகலில் லைட்டோடு போகிற ஒவ்வொருவரையும் பார்த்து எதிரே வருபவர்கள் விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டுவார்கள். இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. அதன் நோக்கம் நல்லது. ஆனால் சுவிட்சையே எடுத்துவிட்டதால், விடியலுக்கு முன் தோட்டத்துக்கும் பால் சொசைட்டிக்கும் பைக்கில் போகிறவர்களுக்கு யானை முன்னால் என்னைவிட மோசமான நிலை. எனக்காவது நாலு பக்கமும் தகரம் இருக்கிறது. காட்டுக்குள் குடியிருப்பவர்களைக் கேட்டுவிட்டு அந்த விதியை எழுதியிருந்தால், வண்டி நிற்கும்போது மட்டும் அணைக்கலாம் என்று ஒரு வரி அதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கார்களுக்கும் நாளை விதி எழுதுவீர்கள். அப்போதாவது கேளுங்கள்.

நான் கேட்பவை இவை. கார் நிறுவனங்கள், டிஆர்எல் உள்ள ஒவ்வொரு மாடலிலும், இன்ஜின் ஓடும்போதே, நின்ற நிலையில் அதை அணைக்க ஒரு பட்டனோ லிவர் நிலையோ கொடுக்க வேண்டும். 10 கிலோமீட்டரைத் தாண்டியதும் அது தானாக எரியட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது தொடுதிரையின் மூன்றாவது மெனுவுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. இருட்டில், பார்க்காமல், ஒரு கையால் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். ஏற்கெனவே விற்ற வண்டிகளில் மென்பொருளை மாற்றினால் போதும் என்ற நிலையில் உள்ளவற்றுக்கு, அடுத்த சர்வீஸின்போது கட்டணம் வாங்காமல் இதைச் செய்துகொடுங்கள். மலைப் பகுதியிலும் காட்டுப் பகுதியிலும் பதிவான வண்டிகளிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சுவிட்ச் கொடுக்காததால் தானாகச் சுவிட்ச் வைத்துக்கொண்டவர்களின் வாரண்டியை மறுத்திருந்தால், அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள்.

அமைச்சகம், டிஆர்எல் எரியும் எந்த வண்டியிலும் அந்தி சாய்ந்த பிறகு டெயில் லைட் எரியாமல் இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவர வேண்டும். நின்ற நிலையில் முன்விளக்குகள் அனைத்தையும் அணைக்கும் வசதியை, இருசக்கர வாகனங்களையும் சேர்த்து, அதே விதியில் எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் சத்தியமங்கலம், முதுமலை, வால்பாறை போன்ற இடங்களில் வண்டி ஓட்டுகிறவர்களையும் வனத்துறைக் களப் பணியாளர்களையும் அழைத்துப் பேச வேண்டும். டெல்லிக்கு வர எங்களால் முடியாது. ஆசனூரில் ஒரு கூட்டம் போடுங்கள், மாலை நேரத்தில். எல்லோரும் வருவோம். எந்த நிறுவனத்தின் பொறியாளரும் உடன் வந்தால், இருட்டிய பிறகு அவரை என் காரில் முன் சீட்டில் உட்காரவைத்துத் திம்பத்திலிருந்து பண்ணாரி வரை அழைத்துப்போகத் தயார். வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
தாளவாடி மலையிலிருந்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்